கொடி இறங்கிய காலை

கயிற்றை இழுத்தாள். கொடி மேலே ஏறியது.

பாதிக் கம்பத்திலேயே காற்று அதைப் பிடித்துக்கொண்டது. படபடவென்று ஒரே சத்தம். நீலத் துணியின் நடுவே அவள் வரைந்த காட்டு வாத்து சிறகை விரித்தது.

எவ்வளவு அழகு! நான்தான் வரைந்தேனா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மூன்று வருட வேலை. வடக்கே அவளுடைய க்ரீ பழங்குடி ஊர்களும் பிரெஞ்சுக்காரர்களின் ஊர்களும் சேர்ந்து நடத்தும் வட்டார அரசின் கொடி அது. எதற்கெடுத்தாலும் முறைத்துக்கொண்ட இரண்டு தரப்பும் இந்த வாத்துக்கு மட்டும் ஒன்றாகத் தலையாட்டின.

"உச்சிக்குப் போனதும் எல்லோரும் பலமாகக் கை தட்டணும்" என்று தலைவர் ஜில்பேர் சொல்லி வைத்திருந்தார். தெற்கே பிரெஞ்சு ஊரிலிருந்து வந்தவர். விழாவுக்கென்றே சிவப்பு மேலங்கி.

அப்போதுதான் சித்தப்பாவைப் பார்த்தாள்.

கிளாரன்ஸ் சித்தப்பா ஆற்றோரம் நின்றிருந்தார். ஊரின் வாத்து வேட்டை அவர் பொறுப்பு. எதிர்க்கரை நாணலுக்குள் பதினொரு பேர் பதுங்கியிருந்தார்கள். அவள் அண்ணனும்தான். இந்த வருடம் பனி உருகத் தாமதம். இரண்டு வாரமாக ஒரு வாத்துகூட இறங்கவில்லை. எந்த வீட்டிலும் கறி இல்லை.

சித்தப்பா யாருக்கும் உத்தரவு போடமாட்டார். இப்போதும் போடவில்லை. தென் வானத்தைப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார்.

அவளுக்குச் சுரீர் என்றது.

வாத்து மிரண்டுவிடும் என்று வேட்டை நாட்களில் இந்த ஊரில் குழந்தைக்குக்கூடப் பளிச்சென்ற சட்டை போடமாட்டார்கள். கதவை அடித்துச் சாத்தமாட்டார்கள். விழாவுக்குத் தேதி குறித்த கூட்டத்தில் அவளும்தான் இருந்தாள். மே மாதம் என்றார்கள். வாத்து வரும் மாதம் என்பதை மறந்து, கொடி நினைப்பிலேயே சரி என்றுவிட்டாள்.

தூரத்தில் வாத்துகளின் குரல்கள் கேட்டன. வந்துவிட்டன.

இன்னும் நாலு இழுப்பு. கொடி உச்சிக்குப் போய்விடும்.

கயிற்றை மறுபக்கம் இழுத்தாள். கொடி இறங்கியது.

கூட்டம் விழித்தது. ஜில்பேர் பதறிக்கொண்டு வந்தார்.

"வாத்து வருது. இந்தக் கொடி பறந்தா அது இறங்காது" என்றாள் மெதுவாக.

அவர் வானத்தைப் பார்த்தார். அப்புறம் தன் மேலங்கியைக் குனிந்து பார்த்தார்.

அந்தக் குளிரில் அதைக் கழற்றினார். சுருட்டி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். கொடியின் ஒரு முனையைப் பிடித்து மடிக்க உதவினார். பல் கிடுகிடுக்க அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

நூறு பேரும் மூச்சுக் காட்டவில்லை.

வெறும் கம்பத்துக்கு மேலே அவை தாழ்வாக வந்தன. நாணலை நோக்கி இன்னும் தாழ்ந்தன.

மடித்த கொடியை மார்போடு அணைத்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

சிறகைக் கொஞ்சம் சின்னதாக வரைந்துவிட்டாள்.