கோடையில் ஒரு சோதனை ஓட்டம்

நாகானோவில் எங்கள் பனிச்சறுக்கு மலைக்கு ஒரே ஒரு லிஃப்ட்தான். கம்பியில் தொங்கும் ஒற்றை நாற்காலிகள்; ஓட்டுவது ஊர்க்காரர்கள். ஆகஸ்ட் சோதனையில் தேறாவிட்டால் குளிர்காலத்தில் மலை திறக்காது. பக்கத்துப் பெரிய ரிசார்ட் அதை விலைக்கு வாங்கக் காத்திருந்தது.

ஆய்வாளர் அராமாக்கி லிஃப்டை நிறுத்தும் பொத்தானில் விரல் வைத்தபடி நின்றார். வெயில் சுட்டது. ஏறும் இடத்தில், குளிர்காலத்தில் நாற்காலிப் பனியைத் தள்ளி ஆட்களை ஏற்றிவிடும் கிசாகோ அக்கா அதே துடைப்பத்தோடு நின்றாள்.

“புல்லைக் கூட்டவாம்மா இது?” என்று அவர் சிரித்தார்.

“கிண்டல் பண்ணாதீங்க சார். இந்த மலையில ஈர நாற்காலியில யாரையும் உட்கார வெச்சதே இல்ல. அந்த ரிசார்ட்ல இதெல்லாம் யாரு பாக்குறா?”

மேலே போன காலி நாற்காலிகள் காலியாகவே இறங்கி வந்தன. ஒன்று மட்டும் பனியோடு வந்தது. இருக்கையில் ஒரு சாண் புதுப்பனி.

கிசாகோ அக்கா பழக்கத்தில் ஒரே வீச்சில் அதைத் தள்ளிவிட்டாள். அராமாக்கியின் காலணிமேல் விழுந்து உருகியது.

“நிறுத்தட்டுமா?” அவர் குரல் இறங்கியிருந்தது.

“எதுக்கு சார்? சுத்தமாத்தானே இருக்கு.”

யாரோ உட்கார்ந்தது போல நாற்காலி சற்றுத் தாழ்ந்தது. எல்லோருக்கும் செய்வது போலக் கிசாகோ அக்கா குனிந்து வணங்கி, “பத்திரமா போய்ட்டு வாங்க” என்றாள்.

அராமாக்கி பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். தொப்பியைக் கழற்றினார்.

“நல்லா ஓடுதும்மா. திறந்துக்கலாம்.”

காற்றில் மற்ற நாற்காலிகள் ஆடின. அந்த ஒன்று மட்டும் ஆடாமல் உச்சிக்குப் போனது.