திராட்சைக்கு மூணு சாட்சி

"மாப்பிள்ளை போட்டோவை ஒருவாட்டி பாத்துட்டாச்சும் போ தாயி."

"எனக்குத் திராட்சையப் பாக்கவே நேரம் பத்தலப்பா" என்ற விஜி, போட்டோவை டிவி மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

தெருவுக்கே கேட்கும்படி பெருமூச்சு விட்டார் சுந்தரலிங்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சின்னமனூரில் அடுத்த பெண் தயாராக இருக்கிறாளாம். மகளோ, "வெள்ளிக்கெழம காலேஜ்ல பேச்சுப் போட்டி. அது முடியட்டும், சொல்றேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்று என்னைக் கேட்காதீர்கள். கம்பம் ஊரில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு ராஜமணி ஜன்னல் வழியாகப் போட்டோவைப் பார்த்த அளவில், மீசை பரவாயில்லையாம். முடிவாகும் முன் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது சுந்தரலிங்கத்தின் கட்சி. எங்கள் கண்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

போட்டித் தலைப்பு, 'நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை'. கேட்கிறவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டுமாம், சும்மா அளந்துவிடக் கூடாதாம். எதைச் சொன்னாலும் மூன்று பேரிடம் விசாரித்து ஆதாரம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் ஆகாதவராகவும் இருக்க வேண்டும் என்று காலேஜில் சொர்ணலதா மேடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இந்தச் சட்டத்தை எங்கள் தெருவில் கொண்டுவந்தால் நாங்களெல்லாம் வாயே திறக்க முடியாது.

விஜிக்குத் துணையாகப் போனவள் ராஜமணி. அதனால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது. ஊர் எல்லையிலேயே பந்தல் பந்தலாகத் திராட்சை தொங்க, அதையெல்லாம் விட்டுவிட்டுப் பஸ் ஏறி, சுருளிப்பட்டியில் ஒரே ஒரு தோட்டத்தைத் தேடிப் போனாள் விஜி. அதுவும் தோட்டக்காரர் தேனி மார்க்கெட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து. முதலாளி பக்கத்தில் நின்றால் வேலையாட்கள் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள் என்று விளக்கம் வேறு.

"இன்டர்நெட் சென்டர்ல தட்டுனா எல்லாம் வந்து விழுகுதாம்ல? அங்கன ஃபேனுக்கடியில உக்காந்து பாக்க வேண்டியதுதானடி?" என்று சலித்துக்கொண்டாள் ராஜமணி.

"அதுல திராட்சை வரும்க்கா. திராட்சை போடுற ஆளு வரமாட்டாகளே."

பந்தலுக்கடியில் தோட்டத்து வேலையாள் சுருளியாண்டி கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். மண், உரம், மருந்து என்று வரிசையாகக் கேட்டு முடித்த விஜி, "அண்ணே, உங்க முதலாளிக்குக் கோவம் வந்தா என்ன செய்வாக?" என்றாள்.

"ஏண்டி, திராட்சைக்கும் கோவத்துக்கும் என்னடி?" என்றாள் ராஜமணி.

"சும்மா இருக்கா. நீங்க சொல்லுங்கண்ணே."

"போன ஐப்பசி மழையில, அறுக்கப் போற காய் பூராம் வெடிச்சுப் போச்சு பாப்பா. நாங்க நடுங்கிப் போய் நிக்கிறோம். அவுக வாய்க்கா மேட்டுல போய் ஒத்தையில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாக. திரும்பி வந்து, 'வெடிச்சத வீட்டுக்குக் கொண்டு போங்க, புள்ளைக திங்கட்டும்'னாக. அம்புட்டுத்தேன் அவுக கோவம்."

அடுத்து, அந்தத் தோட்டத்துப் பழத்தை வாங்கும் வியாபாரி ஹனீபா. "மேல நல்ல கொலைய அடுக்கிட்டு அடியில உதிரியப் போடுற சோலி அவுககிட்ட இல்லம்மா. பெட்டியக் கவுத்துப் பாக்காமலே லாரியில ஏத்துவேன்" என்றார்.

மூன்றாவது, ஆகாதவர். பக்கத்துத் தோட்டத்து முத்துக்கருப்பன், வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டவர்.

"அவனா? மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

"சரிங்கய்யா. தண்ணி முறையில ஏமாத்துவாகளா?"

முத்துக்கருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்து உதறினார். "அது... மாட்டான். நான் காய்ச்சல்ல கெடந்தப்ப என் முறைத் தண்ணிய என் தோட்டத்துக்குப் பாச்சிவிட்டுட்டுத்தேன் போனான். அதுக்காக நல்லவன்னு மேடையில பேசிறாத, ஆமா!"

திரும்பி வரும்போது பஸ்ஸில் விஜி ஜன்னலைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று ராஜமணி முடிவு கட்டினாள். நாங்களும் அப்படியே நம்பினோம்.

வெள்ளிக்கிழமை தெருவில் பாதிப் பேர் உத்தமபாளையத்துக்குப் போய்க் கல்லூரி அரங்கில் உட்கார்ந்துவிட்டோம். மூன்றாவது வரிசையில் சுந்தரலிங்கம். அவர் சட்டைப் பையில் செல்போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடுதான். மனிதர் எடுக்கவும் முடியாமல் அணைக்கவும் முடியாமல் நெளிந்தார்.

விஜி மேடையேறினாள். "நல்ல திராட்சைக்கு மண்ணும் தண்ணீரும் மட்டும் போதாது. வளர்க்கிறவரின் குணமும் வேண்டும்" என்று தொடங்கி, வெடித்த காய், கவிழ்க்காத பெட்டி, ஆகாதவரின் வாக்குமூலம் என்று அடுக்கினாள். அந்தச் சுருளிப்பட்டித் தோட்டக்காரரின் பெயரை அவள் சொன்னதும் சுந்தரலிங்கம் விலுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் பேச்சில் சொக்கிவிட்டார், பாவம் என்று நினைத்தோம்.

கைதட்டல் ஓய்ந்ததும் நடுவர் மைக்கை இழுத்தார். "ஆதாரமெல்லாம் அருமைம்மா. ஆனா பள்ளத்தாக்கு பூராம் தோட்டம் கெடக்கே. அந்த ஒரு தோட்டத்த மட்டும் ஏன் இப்பிடித் துருவித் துருவி விசாரிச்ச?"

விஜி நடுவரைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

"வாக்கப்பட்டுப் போறது அங்கனதான சார்!"