காற்றை அழைக்கும் சீழ்க்கை

ஜன்னலே இல்லாத அறை. இங்கே சீழ்க்கையடித்தால் எந்தக் காற்று வந்துவிடப் போகிறது? அப்படி நினைத்துத்தான் சரங்கெரெல், உலான்பாத்தர் வானொலியின் நேரலைப் பேட்டி நடுவே, மேய்ப்பர்கள் காற்றை அழைக்கும் சீழ்க்கையை மெல்ல அடித்துக் காட்டுகிறாள். எதிரே கேள்வித்தாளின் ஓரம் எழுந்து படிகிறது. அவள் மடியிலிருக்கும், குதிரைத்தலை செதுக்கிய பிடிலின் மயிர்த் தந்திகள் வில் படாமலே முனகுகின்றன. "அட, கரண்டில்லாத ஃபேன்!" என்று சிரிக்கிறான் தொகுப்பாளன் தெமூலென். "இன்னொரு தடவை அக்கா, நல்லா பலமா. கோபி வரைக்கும் கேக்கட்டும்." கோபி பாலைவனத்தில் இது புழுதிப்புயல் மாதம். அங்கே அவள் தம்பி, கழுத்தில் ரேடியோவைத் தொங்கவிட்டபடி, நேற்றுப் பிறந்த ஆட்டுக்குட்டிகளோடு வெட்டவெளியில் நிற்பான். ஹெட்போனுக்குள், வெகு தொலைவிலிருந்து, காற்றின் குரலில் அதே சீழ்க்கை பதிலுக்குக் கேட்கிறது. "வேணாம்ப்பா" என்கிறாள் அவள். முனகும் தந்திகளை உள்ளங்கையால் அழுத்தி அடக்குகிறாள்.