லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர்

மேசைமேல் இரண்டு பம்புகள் இருந்தன.

அவர் எதையும் தொடவில்லை.

இரண்டுமே லாரி இன்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்புகள். ஒன்று பழைய அளவு. இன்னொன்று அதைவிடத் தடித்தது.

பக்கத்தில் மருமகள் நின்றாள். பம்புக் கடைக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. அடுத்த வாரத்திலிருந்து லாரியை அவள் தம்பி ஓட்டப்போகிறான். அதனால் வந்திருந்தாள்.

எட்டு மாதம் முன்பு வரை அவள் புருஷன் ஓட்டினான்.

அவருடைய ஒரே மகன். நல்லசிவம்.

திம்பம் மலை. பதினேழாவது வளைவு. முழுப் பாரம் ஜவ்வரிசி மூட்டை. வண்டி மேட்டில் இழுக்காமல் நின்றது.

பிறகு பின்னால் உருண்டது.

வண்டியை நிமிர்த்தி, கேபின் கட்டி, பெயின்ட் அடித்தாகிவிட்டது. பம்பு மட்டும் பாக்கி. பழையது உடைந்து போயிருந்தது.

கடைக்காரர் குழந்தைவேலு பெரிய பம்பின் மேல் கை வைத்தார்.

“இது நல்லா இழுக்கும் அம்மிணி. முழு லோடோட மலை ஏறுனாலும் மூச்சு வாங்காது. டீசல்தான் குடிக்கும். மாப்பள ஊட்டுக்காரங்க காப்பி குடிக்கற மாதிரி.”

அவள் சிரிக்கவில்லை.

“இதையே போடுங்க.”

“ஓனர் சொல்லோணுமில்ல.”

அந்தக் கடையில் அதுதான் வழக்கம். ஓட்டுகிறவன் டீசலைக் கூட்டச் சொல்வான். ஓனர் குறைக்கச் சொல்வார். குழந்தைவேலு ஓனர் சொன்னபடி டீசல் அளவுத் திருகாணியை வைத்து, அதன்மேல் கம்பி கட்டி, ஈய சீல் அடித்துவிடுவார். டிரைவர் கை வைத்தால் தெரிந்துவிடும்.

“பெரிசே போடு” என்றார் அவர்.



குழந்தைவேலு தலையாட்டினார். எத்தனையோ வருடமாகக் கேட்ட கேள்வி. வாய் தானாகக் கேட்டது.

“செரிங்ணா. எப்பவும் போலக் கொறச்சு சீல் வெச்சறட்டுங்களா?”

டெஸ்ட் பெஞ்சில் வேறு யாருடைய பம்போ ஓடிக்கொண்டிருந்தது. ஆறு கண்ணாடிக் குழாய்களில் எண்ணெய் ஏறியது.

“எதக் கொறைக்கறது?” என்றாள் அவள்.

குழந்தைவேலு கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார்.

“எல்லா வண்டிக்கும் செய்யறதுதான் அம்மிணி. பொகை வராம இருக்கறதுக்கு.”

அவருக்காகச் சொன்ன பொய்.

தலையாட்டினால் போதும்.

எட்டு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். மேட்டில் கியர் மாற்றத் தெரியாமல் மாட்டிக்கொண்டான் என்று ஊர் பேசியது. முதலில் சொன்னது அவர்தான். சாவுப் பந்தலில், துக்கத்துக்குக் கை கொடுக்க வந்தவர்களிடம். அதன்பின் யார் சொன்னாலும் தலையாட்டினார்.

அவள் தம்பிக்கு இருபத்து நான்கு வயது.

“டீசலத்தாம்மா கொறைக்கறது” என்றார் அவர்.

அவள் திரும்பினாள்.

“மேட்டுல இழுக்க மாட்டேங்குதுப்பான்னு ரெண்டு தடவ வந்து சொன்னான். நாந்தான் கூட்டக் கூடாதுன்னுட்டேன். ஒருக்கா சீல ஒடச்சு அவனே கூட்டி வெச்சிருந்தான். இதே கடைல, நாலு பேருக்கு முன்னால திட்டுனேன். மறுபடியும் கொறச்சு சீல் வெச்சேன்.”

“எப்பங்க மாமா?”

“போன ஆடில.”

அந்த ஆடி முடியவில்லை, அதற்குள் அவன் முடிந்திருந்தான்.

“எதுக்கு?”

“மைலேஜுக்கு.”

“எத்தன கூடக் கெடைக்கும்?”

அவர் குழந்தைவேலுவைப் பார்த்தார். குழந்தைவேலு தரையைப் பார்த்தார்.

“லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர்.”

பெஞ்ச் நின்றது. 

“இதே அளவுப் பம்புல நான் முப்பது வருசம் ஓட்டலையான்னு கேட்டேன். அவன் அதுக்கப்புறம் பேசல.”

முப்பது வருடமும் மெட்ராஸ் ரோடு. மலை கிடையாது. அதை அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

அவள் அழுவாள் என்று நினைத்தார். கத்துவாள் என்று நினைத்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

“பாப்பா கேட்டாளுங்க மாமா” என்றாள். “அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதாம்மான்னு.”

கைப்பையை முன்னால் இழுத்தாள்.

“ஆமான்னு சொன்னேன்.”

கைப்பையைத் திறந்தாள். லாரிச் சாவியை எடுத்தாள். தம்பிக்குக் கொடுப்பதற்காக அதில் புதுக் கயிறு கோத்திருந்தாள். சாவியை அவர் முன்னால் வைத்தாள்.

“என்ற தம்பி ஓட்ட மாட்டானுங்க. நீங்களே ஓட்டுங்க.”

படியிறங்கிப் போனாள். வெயிலில், செருப்புச் சத்தம் பஸ் நிறுத்தம் பக்கம் போய் மறைந்தது.

அவருக்கு அறுபத்து மூன்று. ஸ்டியரிங் பிடித்து ஒன்பது வருடம் ஆகிறது.

குழந்தைவேலு தொண்டையைச் செருமினார்.

“அம்மிணி ஏதோ கோவத்துல சொல்லுதுங்ணா. மனசுல வெச்சுக்காதீங்க. நாம பெரிசே மாட்டிறலாம். சீலும் வேண்டாம்.”

அவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு, மகன் மலையேறிய அதே பழைய அளவுப் பம்பைத் தன் பக்கம் இழுத்தார்.