சுருக்கமாகப் பேச மைனா சொன்ன வழி

கூட்டுக்குள் விரிக்கத் தேங்காய் நாரா, இலவம்பஞ்சா என்று கொய்யாமரத்து அணிலுக்கும் அவன் மனைவிக்கும் சண்டை. "அந்த நாரையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டு, அவள் எதிரே இருந்த வேப்பமரத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அணில் மைனாவைத் தேடிப் போனான். அந்தத் தோப்பில் பேச்சு என்றால் மைனாதான்.

"அண்ணே, அவ திரும்பி வர்ற மாதிரி நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்க."

"பேச்சுன்னா சுருக்கமா இருக்கணும் தம்பி. ஆனா சுருக்குனு தைக்கணும்" என்று ஆரம்பித்த மைனா, சுருக்கத்தின் அருமையை உச்சிவெயில் வரும்வரை விளக்கினார். பிறகு முன்னுரை, மூன்று உவமை, ஒரு சத்தியம், கடைசியில் கொஞ்சம் தழுதழுப்பு என்று ஒரு பேச்சையும் மனப்பாடம் செய்ய வைத்தார்.

அணில் அதை முணுமுணுத்துக்கொண்டே வேப்பமரம் ஏறினான். கேட்டு ரசிக்க மைனாவும் வந்து மேல்கிளையில் உட்கார்ந்தார்.

அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எங்கே உட்கார்ந்தாலும் கீழே தோலும் கொட்டையுமாகச் சிந்தி வைப்பவள் அவள். இன்று அவளுக்குக் கீழே தரை சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அணிலுக்கு முன்னுரை மறந்துபோயிற்று.

"சாப்பிட்டியா?"

அவள் பாதி திரும்பினாள். "நீ?"

"இல்ல."

"ஐயையோ, இன்னும் உவமைக்கே வரலையேடா!" என்று மைனா இறக்கையால் தலையில் அடித்துக்கொண்டு, விட்டுப்போனதையெல்லாம் தானே பேசத் தொடங்கினார். அவர் மூன்றாவது உவமைக்கு வந்தபோது, கொய்யாமரத்துக்குத் திரும்பிப் போய் ஒரே பழத்தை ஆளுக்கொரு பக்கமாகக் கொறித்துக்கொண்டிருந்த அணிலுக்கும் அவளுக்கும் மூக்கோடு மூக்கு இடித்தது.