நரிக்கு வேண்டிய பை

கிட்ட வந்து உட்காருங்க, மெதுவாத்தான் சொல்லப்போறேன்.

காட்டுக்கோழிகள் மரத்தைவிட்டு இறங்குவதே இல்லை. நரியின் நாலு குட்டிகளும் மூன்று நாளாகப் பட்டினி. அதனால் நரி, மரமேற இரும்புக் கொக்கிகளும், மேலே தொங்கியபடி உட்காரக் கயிற்று இருக்கையும் செய்துகொண்டது. முதுகில் கட்டிக்கொண்டு போனால் கொக்கிகள் கலகலக்கும், கோழிகள் பறந்துவிடும். நல்ல பை வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று நாவல் மரத்தடியில் இருந்த குரங்கின் கடைக்கு வந்தது.

"இதை எடுத்துக்கோ நரியக்கா. பதினாறு அறை இருக்கு."

"பதினாறுலயும் என்னத்த வைக்க?"

"வாங்கிட்டா வைக்கிறதுக்குத் தன்னால வந்துடும்."

நரி கொக்கிகளை அதில் போட்டு மாட்டிக்கொண்டது. "அண்ணே, அந்தப் பக்கம் திரும்பி உட்காரு. நான் நடக்கிற சத்தம் கேட்டா கையைத் தூக்கு."

இரண்டடி வைப்பதற்குள் குரங்கு கையைத் தூக்கியது. அடுத்தது பளபளப்பான பை. கொக்கிகளை இறுக்கித்தான் பிடித்தது, ஆனால் பையே மொறுமொறுத்தது. கை மறுபடியும் மேலே போனது.

"இதுக்கு மேல காட்டுலயே பை கிடையாதுக்கா."

"நீ உட்கார்ந்திருக்கிறது என்ன?"

"இதுவா? பழைய கம்பளிப் பை. உன் அழகுக்கு இதையா மாட்டுவே?"

"எழுந்திரு அண்ணே."

நரி எல்லாவற்றையும் கம்பளிக்குள் திணித்தது. குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு காதைத் தீட்டியது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"நடக்க ஆரம்பிச்சியா இல்லியா?"

தலைக்கு மேலே, நாவல் கிளையில் கயிற்று இருக்கையைக் கட்டிச் சாவகாசமாக உட்கார்ந்திருந்த நரி, வாலை இறக்கிக் குரங்கின் உச்சந்தலையை மெல்லத் தடவியது.