பொறுப்பேற்கும் நாள்

ஈரோட்டுப் பொறுப்பேற்பு அலுவலகத்தில் மரகதவல்லி தன் தாயோடு உட்கார்ந்திருந்தாள். எண்பத்தேழு வயதுப் பாவாயம்மாள் இந்த வருடம் மூன்று முறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டாள். இனி அவளுடைய முடிவுகளையெல்லாம் மகளே எடுப்பதாகக் கைரேகை வைக்க வேண்டும். மனசு கேட்காமல் தள்ளிப்போட்டு வந்த மரகதவல்லி, இன்றுதான் துணிந்து வந்திருந்தாள்.

கைரேகைக் கருவியின் கண்ணாடியில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீங்க வெக்க முடியாதுங்கம்மா," என்றாள் அலுவலகப் பெண், கனிவாக. "உங்களுக்கே உங்க பையன் போன வாரம் பொறுப்பேத்துட்டாருங்க."

"பூபதியா? எனக்கென்ன கேடு? நேத்துக்கூட நல்லாப் பேசினானே!"

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லாம விட்டிருப்பாருங்க."

தான் எதை மறந்தோம் என்று மரகதவல்லி யோசித்தாள். எதுவும் நினைவுக்கு வரவில்லை. வராததுதான் அவளைப் பயமுறுத்தியது.

தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஆச்சா கண்ணு?" என்றாள் பாவாயம்மாள்.

"ஆச்சும்மா."

இருவரும் காரில் ஏறினார்கள். ஓட்டுநர் இல்லாத அந்தக் காரிடம், "வீட்டுக்குப் போ" என்றாள் மரகதவல்லி. "போகுமிடத்தைப் பூபதி ஏற்கெனவே சொல்லிவிட்டார்," என்றது கார். வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி, கார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.